சண்டை வேண்டாம் என்று சொல்லும் சண்டைக் கலை: சிலாட் பற்றி ஒரு கேள்வியும் அதன் பின் வந்தவையும்

கேள்வி: மழைக்காலம்
2024 ஜூன் 2

மலேசியா, இந்தோனேசியா பக்கத்துச் சண்டைக் கலையான சிலாட்டின் ஆட்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். பகையைத் தேடாதே, பணிவாக இரு, இது மனத்தைப் பக்குவப்படுத்தும் கலை. பயிற்சி வீடியோவைப் போட்டுப் பார்த்தால் முழங்கையை முறிப்பதும் தொண்டையில் அடிப்பதும்தான். வளைந்த கத்தி வேறு. தத்துவம் என்பது மேல்பூச்சு என்று நினைக்கிறேன். உள்ளே இருந்தவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

2024 ஜூன் 2, இரவு

மறுக்கிறேன். வீடியோவில் தெரிவது பாதிதான்.

நான் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார். ஓடையைத் தாண்டினால் மலாய்க் கம்பம், அதாவது மலாய்க்காரர்களின் கிராமம். அங்கே என் பள்ளித் தோழியின் அப்பா சிலாட் குரு. 12 வயதில் வேடிக்கை பார்க்கப் போனவள் 21 வயது வரை போனேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி அடிதடி" என்று அம்மா கொஞ்ச நாள் புலம்பினார். அப்புறம் நான் திரும்பி வரும் நேரத்துக்கு டார்ச் லைட்டோடு ஓடைக்கரையில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்.

கெலாங்காங் என்பார்கள் பயிற்சிக் களத்தை. எங்களுடையது குரு வீட்டுக் கொல்லையில் பெருக்கிவிட்ட மண் தரை, ஒரு டியூப் லைட். இஷா தொழுகை முடிந்த பிறகு தொடங்கும். முதல் மூன்று மாதம் அடிக்கிற பேச்சே இல்லை. விழக் கற்றுக்கொண்டோம். பிறகு விழ வைக்கக் கற்றுக்கொண்டோம். காலை வாரி ஆளைச் சாய்க்கும்போது சாய்ப்பவளின் ஒரு கை எதிராளியின் பிடரிக்கு அடியில் போய்விட வேண்டும், தலை மண்ணில் மோதக் கூடாது. கால் எவ்வளவு வேகமாக வாரியது என்று குரு கவனித்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் கையைத்தான் குனிந்து பார்ப்பார். கொஞ்சம் தாமதமாகப் போயிருந்தால், "லாகி" என்பார். மறுபடியும். என் தோழியும் நானும் ஒரே இரவில் நாற்பது, ஐம்பது தடவை ஒருவரை ஒருவர் சாய்த்துத் தாங்கியிருக்கிறோம். புறங்கைத் தோல் உரிந்து மண் ஒட்டியிருக்கும்.

முழங்கையை முறிக்கச் சொல்லித் தந்தார்களா என்றால், தந்தார்கள். எந்த இடம் வரை போனால் வலி, அதற்கு மேல் எவ்வளவு போனால் முறிவு என்று தோழியின் கையில்தான் பழகினேன், அவள் என் கையில் பழகினாள். மறுநாள் இருவரும் அதே கையால் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுத வேண்டும். மேல்பூச்சு என்று நீங்கள் சொல்வது எனக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

2024 ஜூன் 3

நேற்று விட்டுப்போனது. சிலாட்டில் புங்கா, புவா என்று இரண்டு உண்டு. புங்கா பூ, புவா காய் அல்லது கனி. கையை விரித்து, மடக்கி, நடனம் போல் நகர்வது பூ. அதற்குள் ஒளிந்திருக்கும் அடியும் பிடியும் காய். வீடியோ எடுப்பவர்கள் காயை மட்டும் பறித்துப் போடுகிறார்கள். பூவுக்கு நேரம் பிடிக்கும், பார்ப்பவருக்கு அலுக்கும். ஆனால் அந்த நேரத்தில்தான் எதிராளி யார், கோபத்தில் இருக்கிறானா, பயத்தில் இருக்கிறானா, விலகிப் போக வழி தேடுகிறானா என்று பார்த்துக்கொள்ள முடியும். எங்களுக்குப் பூ இல்லாமல் காய் சொல்லித் தரவே இல்லை.

2024 ஜூன் 5

"பகையைத் தேடாதே, எதிரே வந்தால் ஒதுங்காதே" என்பது வீராப்புப் பேச்சுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அது இந்தோனேசியாவில் மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய பழமொழி. எங்கள் நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களில் பலருடைய முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள். தாய்வழிச் சொத்துரிமையும் அங்கிருந்து வந்ததுதான். எங்கள் குருவும் அந்த வழி. "முசுஹ் இண்டாக் டிச்சாரி, பசுவோ பந்தாங் டிலாக்கான்." நானும் இதை வீராப்பு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஆனால் அந்தக் கடைசிச் சொல்லைப் பாருங்கள். அதன் வேர் "இலாக்", மலாயில் "எலாக்". சிலாட்டின் அடிப்படைப் பாடமே எலாக்கான்தான், அடி வரும் கோட்டிலிருந்து உடம்பை நகர்த்திக்கொள்வது. வாழ்க்கையில் எதை விலக்கக் கூடாது என்கிறதோ, அதையே களத்தில் முதல் வேலையாகச் செய்யச் சொல்கிறது. குருவிடம் கேட்டேன். காலால் விலகு, முகத்தால் விலகாதே என்றார். அடியிலிருந்து தப்பலாம், அந்த ஆளிடமிருந்தும் விஷயத்திடமிருந்தும் தப்பி ஓடக் கூடாது என்று நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரனோடு வரப்புத் தகராறு என்றால் போய் உட்கார்ந்து பேசு என்று அர்த்தம்.

அதே ஊரின் இன்னொரு பழமொழி: வெளியே சிலெக் நண்பனைத் தேடுகிறது, உள்ளே சிலெக் இறைவனைத் தேடுகிறது. சிலெக் என்பது சிலாட்டுக்கு அவர்கள் வழக்கு.

2024 ஜூன் 6

சிலம்பத்தோடு ஒப்பிடச் சொன்ன தஞ்சை நண்பருக்கு: சிலம்பம் நான் கற்றதில்லை, அதனால் ஒப்பிட மாட்டேன். ஒரு சொல் மட்டும் தருகிறேன். இந்தோனேசியாவில் சுரபாயாவில் 1955ல் தொடங்கிய ஒரு சிலாட் பள்ளியின் பெயர் பெரிசாய் டிரி, "தற்காப்புக் கேடயம்" என்று சொல்லலாம். பெரிசாய் என்பது நம் பரிசைதான், கேடயத்துக்கான பழைய தமிழ்ச் சொல். நாம் புழங்காமல் விட்ட சொல் அங்கே பத்திரமாக இருக்கிறது. அந்தப் பள்ளியின் வாசகம் "காயமின்றிச் சிலாட்டில் தேர்ச்சி". ஒருவர் தாக்க மற்றவர் விலகுவது அவர்களுடைய முக்கியப் பயிற்சி.

2024 ஜூன் 9

இதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

மலாய்க் கல்யாணங்களில் மணமக்கள் முன்னால் சிலாட் ஆடுவார்கள். சிலாட் புலுட் என்று பெயர், புலுட் என்பது ஒட்டரிசி. கெண்டாங் மத்தளமும் செருனாய் குழலும் வாசிக்க, இரண்டு பேர் பூவை மட்டும் ஆடிக் காட்ட வேண்டும். அடி படக் கூடாது. ஆடியவருக்கு மஞ்சள் ஒட்டரிசிச் சோறு கிடைக்கும்.

1996ல், எனக்கு 17. குருவின் அக்காவோடு என்னை ஆட விட்டார்கள். மாக் லோங் என்று கூப்பிடுவோம். வயது அறுபதுக்கு மேல், முட்டிவலி உண்டு. கூட்டத்தில் என் பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். நடுவில் மாக் லோங்கின் எடை முழுவதும் ஒரு காலில் வந்தது. எனக்கு அது தெரிந்தது. யோசிக்கவே இல்லை, வாரிவிட்டேன். பாட்டி உட்கார்ந்த மாதிரி தரையில் விழுந்தார். கூட்டம் கைதட்டியது. மாக் லோங்கும் சிரித்துக்கொண்டே எழுந்து வணக்கம் வைத்தார். எனக்குத் தட்டு நிறையச் சோறு கொடுத்தார்கள்.

அன்று இரவு குரு ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "அந்தச் சோறு உன்னுடையது இல்லை."

மறுநாள் காலை தட்டை எடுத்துக்கொண்டு மாக் லோங் வீட்டுக்குப் போனேன். மாட்டிறைச்சி ரெண்டாங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, எனக்காகக் கருவாட்டுச் சம்பல் எடுத்து வைத்தார். இரண்டு பேரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். பிறகு என்னை எழுந்து நிற்கச் சொல்லி, நேற்று விழுந்த மாதிரியே மெதுவாக விழுந்து காட்டினார். பாதி விழும்போது அவருடைய குதிகால் என் முட்டியின் பக்கவாட்டில் வந்து பதிந்தது. அங்கேயே நிறுத்தினார். "நேற்றும் இங்கேதான் இருந்தது. பார்த்தாயா?"

நான் பார்த்திருக்கவில்லை. ஒரு மிதி மிதித்திருந்தால் என் முட்டி போயிருக்கும்.

2024 ஜூன் 10

திருத்தம். "அந்தச் சோறு உன்னுடையது இல்லை" என்றது குரு என்று எழுதியிருந்தேன். நேற்று இரவு தோழிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அது அவளுடைய அம்மா சொன்னது என்கிறாள். குரு அன்று ஒன்றுமே பேசவில்லையாம். இப்போது எனக்கும் நினைவு வருகிறது, அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டே சொன்னார். இத்தனை வருடமாக அந்த வாக்கியத்தை குரு வாயில் வைத்திருந்திருக்கிறேன். கெலாங்காங்கில் மண்ணைப் பெருக்கியது, எங்களுக்குக் காயத்துக்கு எண்ணெய் தடவியது, யாருக்குக் கோபம் அதிகமாகிறது என்று கணவரிடம் முதலில் சொன்னது எல்லாம் அந்த அம்மாதான். குரு என்று நான் எழுதும் இடத்தில் பாதி அவர்.

2024 ஜூன் 14

"அப்படியானால் ஜாவாவில் சிலாட் சங்கங்கள் தெருவில் மோதிக்கொள்கிறதே?" சரியான கேள்வி. வராதா என்றுதான் காத்திருந்தேன்.

கிழக்கு ஜாவாவில் மடியூன் என்ற ஊர். மாவட்ட நிர்வாகமே "சிலாட் வீரர்களின் கிராமம்" என்று பெயர் சூட்டிப் பெருமைப்படும் இடம். 1903ல் கி ங்காபேஹி சுரோடிவிர்யோ சுரபாயாவில் தொடங்கிய ஒரு சகோதரக் கூட்டம் பின்னாளில் செதியா ஹாதி என்று பெயர் பெற்று மடியூனில் வேர் விட்டது. செதியா ஹாதி என்றால் இதயத்துக்கு உண்மையாக இருப்பது. 1922ல் அவருடைய மாணவர் கி ஹாஜார் ஹார்ஜோ உத்தோமோ தொடங்கிய கிளைதான் இன்று தெராத்தே, அதாவது தாமரை, என்ற பெயரோடு மிகப் பெரிய அமைப்பாக இருக்கிறது. இதே வேரிலிருந்து வந்த இன்னொரு பிரிவு வினோங்கோ. இரண்டு பக்கத்து இளைஞர்களும் பல வருடங்களாக மோதிக்கொள்கிறார்கள். ஜாவா நாட்காட்டியின் முதல் மாதமான சுரோவில், புது உறுப்பினர்களைச் சேர்க்கும் காலத்தில், மடியூனில் போலீஸ் குவிந்துவிடும். சந்திகளில் சங்கங்கள் எழுப்பிய சின்னத் தூண்களை அகற்றச் சொல்லி 2023ல் மாகாண நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அந்தத் தூண்களே சண்டைக்குக் காரணமாகிக்கொண்டிருந்தன.

அவர்கள் தங்களைப் பெர்சவுடாராஅன், சகோதரத்துவம், என்கிறார்கள். நம் சோதரன் என்ற சொல்லுக்கு உறவுக்காரச் சொல். ஜாவாவில் சிலாட் ஆட்கள் அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று: "மெனாங் தன்போ ங்காசோராகே", தோற்றவனைத் தாழ்த்தாமல் வெல். என் மாக் லோங் கதை முழுவதும் இந்த மூன்று சொல்லில் இருக்கிறது. அதையே சட்டையில் அச்சடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஊர்வலம் போகும்போது எதிர்ச் சங்கத்துச் சட்டையைக் கண்டால் கல் எறிகிறார்கள்.

எனக்கு இதற்குச் சமாதானம் சொல்ல மனம் வரவில்லை. மழைக்காலம் சொன்ன மேல்பூச்சு என்ற சொல் இங்கே பொருந்தும். நான் யோசித்த வரையில், எங்கள் களத்தில் பன்னிரண்டு பேர்தான். யார் தலைக்கு அடியில் கை போட்டோமோ அவர்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டோம். லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்து, சட்டையும் கொடியும் வந்த பிறகு, சகோதரன் என்பவன் சட்டை போட்டவன் என்றாகிவிடுகிறது. பிடரிக்கு அடியில் போன கை, சட்டை வேறாக இருந்தால் போவதில்லை.

2024 ஜூன் 15

நேற்று எழுதியது அந்த அமைப்புகளில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. சின்ன ஊர்களில் ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சம்பளமே இல்லாமல் சொல்லித் தருபவர்கள் அங்கேயும் ஏராளம். பத்திரிகைத் தலைப்பு மாதிரி எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

2024 ஜூன் 16

போட்டி விளையாட்டான பிறகு அறம் போய்விட்டதா என்பதற்கு.

இந்தோனேசியச் சிலாட் சங்கமான இப்சி 1948 மே 18ல் சுரகார்த்தாவில் தொடங்கியது. 1980ல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், புருணை சேர்ந்து பெர்சிலாட் என்ற பன்னாட்டு அமைப்பை உருவாக்கின. 1987 ஜகார்த்தா சீ விளையாட்டிலிருந்து, அதாவது தென்கிழக்கு ஆசிய விளையாட்டிலிருந்து, பதக்கப் போட்டி. முகத்திலும் கழுத்திலும் மர்ம உறுப்பிலும் அடிக்கக் கூடாது.

பழைய விதிப்புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. கையால் அடித்தால் 1 புள்ளி, காலால் 2, விழ வைத்தால் 3. ஆனால் எதிராளியின் தாக்குதலை முதலில் தடுத்தோ விலகியோ வீணாக்கிவிட்டு உடனே திருப்பி அடித்தால் ஒவ்வொன்றோடும் இன்னொரு புள்ளி: 1+1, 1+2, 1+3. விலகியதற்கு மதிப்பு. முதலில் பாய்பவனைவிடக் காத்திருந்து பதில் கொடுப்பவனுக்கு அதிகம். ஒரு பண்பாட்டின் எண்ணத்தைக் கணக்கில் கொண்டுவந்த விதி அது. பிறகு வந்த விதிகளில் அந்தக் கூட்டல் இல்லை, வெறும் 1, 2, 3 தான். நடுவருக்குச் சுலபம், பார்ப்பவருக்கும் புரியும் என்கிறார்கள். எனக்கு வருத்தம்தான்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 16 தங்கத்தில் 14 இந்தோனேசியாவுக்குப் போனது. தீர்ப்பு ஒரு பக்கம் சாய்கிறது என்று மற்ற நாடுகள் குமுறின. எங்கள் நாட்டு வீரர் ஒருவர் இறுதிப் போட்டி முடியும் முன்பே களத்தை விட்டு வெளியேறி, கோபத்தில் ஒரு தடுப்புச் சுவரைக் குத்தி உடைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் குத்தியிருப்பேனோ என்னவோ. இரண்டே நாளில், ஆகஸ்ட் 29 அன்று, தங்கம் வென்ற ஹனிஃபான் யூதானி குசுமா மேடைக்கு ஓடிப்போய், அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோவையும் அவரை எதிர்த்துத் தேர்தலில் நிற்கவிருந்த பிரபோவோ சுபியாந்தோவையும் தேசியக் கொடியால் சுற்றி ஒன்றாகக் கட்டிக்கொண்டார். பிரபோவோ அப்போது இப்சி தலைவர். அரசியல் நாடகம் என்று சொன்னவர்கள் உண்டு. வியர்வையோடு இரண்டு தலைகளையும் அந்தப் பையன் சேர்த்துப் பிடித்ததை நான் டிவியில் பார்த்தேன். இரண்டு பேருடைய பிடரிக்குப் பின்னாலும் அவன் கை இருந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன் என்றால் நம்புங்கள்.

2024 ஜூன் 22

2016ல் மேற்கு சுமத்ராவின் புக்கிட்டிங்கி போயிருந்தேன், குருவின் முன்னோர் ஊர்ப் பக்கம். அங்கே களத்துக்கு சசாரான் என்று பெயர். முன்பெல்லாம் ஆண்பிள்ளைகள் வீட்டில் படுக்காமல் சுராவ் என்ற சின்னத் தொழுகையிடத்தில் படுத்து, அங்கேயே குர்ஆன் ஓதி, இரவில் சிலெக் பழகுவார்களாம். ராண்டாய் என்ற வட்டக் கூத்தையும் பார்த்தேன். கெலெம்போங் என்ற தொளதொளத்த கால்சட்டையின் நடுத்துணியைக் கையால் அறைந்து தாளம் எழுப்புகிறார்கள். டப் என்று வயிற்றில் வந்து விழும் சத்தம். சுற்றி வரும் காலடி முழுக்கச் சிலெக்.

அங்கே ஒரு பெரியவர் சொன்னது: "ராசோ டிபாவோ நாயிக், பாரெசோ டிபாவோ துருன்." உணர்வை மேலே கொண்டு போ, ஆராய்ச்சியைக் கீழே கொண்டு வா. நெஞ்சில் எழுவதைத் தலையில் வைத்துப் பார், தலை சொல்வதை நெஞ்சுக்குக் கொண்டு போய்ப் பார். அடி வரும் நேரத்தில் இதற்கு ஏது நேரம் என்று கேட்டேன். அதற்குத்தான் இத்தனை வருடம் பழகுகிறோம் என்றார்.

வளைந்த கத்தி கேட்டவருக்கு: கெரம்பிட், அந்த ஊருடையதுதான். எங்கள் குரு அதைக் கடைசி வருடத்தில்தான் எடுத்தார், அதுவும் மரத்தில் செய்தது. இணையத்தில் விற்கும் மினுமினுப்பான கெரம்பிட்டைப் பதினைந்து வயதுப் பையன் விரலில் சுழற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்தப் பையனுக்கு விழவே தெரியாது.

2024 ஜூன் 23

இந்துப் பெண்ணை எப்படிச் சேர்த்தார்கள் என்று இரண்டு பேர் தனிச்செய்தியில். சில பள்ளிகளில் உறுதிமொழியே இஸ்லாமியமாக இருக்கும், மற்றவர் சேர முடியாது. சில பள்ளிகள் எல்லோருக்கும் திறந்தவை. பாலியில் பக்தி நெகாரா என்ற பள்ளி இந்துக்களிடையே வளர்ந்தது. எங்கள் குரு துஆ, அதாவது இஸ்லாமியப் பிரார்த்தனை, ஓதும்போது என்னை வரிசையில் நிற்கச் சொல்வார். "நீ உன் சாமியை நினைத்துக்கொள், நேரம் ஒன்றுதான்." நான் தோட்டத்து மாரியம்மனை நினைத்துக்கொள்வேன்.

2024 ஜூலை 7

மழைக்காலம் மறுபடியும்: "இதெல்லாம் சரி. நிஜத்தில் எப்போதாவது யாரையாவது அடித்திருக்கிறீர்களா?"

ஒரு தடவை. 2003. ராத்திரி பத்து மணி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சந்து. பின்னாலிருந்து ஒருத்தன் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தான். நான் பையை விட்டிருக்கலாம். உள்ளே நாற்பது ரிங்கிட் பணமும் அடையாள அட்டையும்தான். விடவில்லை. இழுத்த பக்கமே ஒரு அடி நகர்ந்தேன், அவன் மணிக்கட்டு என் கையில் வந்தது, கால் தானாக வாரியது. மல்லாந்து விழுந்தான். என் உடம்பு அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஓடி வந்து பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, பயம் போய், ஒரு சந்தோஷம் வந்தது. ஊர் வரும் வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

அந்த வார இறுதியில் குருவிடம் சொன்னேன், பெருமையாகவே. அவர் திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். தோழியின் அம்மா தேநீரோடு வந்து நின்றார். குரு கேட்டது ஒன்றுதான்:

"அவனுக்குத் தலையில் அடி பட்டதா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தில் சிமெண்ட் கால்வாய் விளிம்பு இருந்தது ஞாபகம் இருக்கிறது. என் இடது கையில் பை இருந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்திருந்தேன்.